எல்லைக் கடலின் மீன் கணக்கு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை குமரி மாவட்டத்தில் நீரோடி முதல் குளச்சல் வரையிலான கரையிலிருந்தும், எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் பொழியூர், பூவார், விழிஞ்ஞம் பகுதியில் வாழும் தமிழர்களிடமிருந்தும் வந்தவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். படகு மானியம், டீசல் விலை பற்றிய கேள்விகள் என் துறை அல்ல, விட்டுவிட்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் சாளையே இல்லை என்றார்கள். 2024-இல் குவியல் குவியலாக வந்தது. ஆனால் எல்லாம் விரல் நீளம். கிலோ இருபது ரூபாய்க்கும் கேட்பாரில்லை. அதிகமாகப் பிடித்ததால் வந்த வினையா, கடலின் குணமா?
— பூவார் வாசகர்

முதல் பங்கு கடலுடையது. சாளை (மத்தி) இரண்டு, இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் வாழாத மீன். தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது ஆழத்துக் குளிர்நீர் மேலே வரும். அந்த நீரில் பெருகும் நுண்பாசிதான் அதற்குச் சோறு. மழை, நீரோட்டம், வெப்பம் மூன்றில் எது தவறினாலும் ஒரு தலைமுறைக் குஞ்சுகள் பட்டினியில் போய்விடும். கேரளத்தில் 2012-இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் பிடிபட்டது. 2021-இல் கிடைத்தது 3,297 டன். இடையில் வந்த 2015 எல் நினோவுக்கு (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் நிகழ்வு) இந்தச் சரிவில் பெரிய பங்கு உண்டு என்பது ஆய்வாளர்களின் முடிவு.

2024-இல் நடந்தது இதற்கு நேர்மாறு. பருவமழை சாதகமாக அமைந்தது. குஞ்சுகள் வழக்கத்தைவிட மிக அதிகமாகப் பிழைத்தன. பந்திக்கு ஆள் கூடிவிட்டதால் ஒவ்வொன்றுக்கும் கிடைத்த தீனி குறைந்து, வளர்ச்சி நின்றுவிட்டது. கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் (சி.எம்.எஃப்.ஆர்.ஐ.) தந்த விளக்கம் இதுதான்; எனக்கும் பொருத்தமாகவே படுகிறது.

அதற்காக வலைக்குப் பாவமன்னிப்பு கிடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம். கடல் தானாகவே மீனைக் குறைத்திருக்கும் ஆண்டில், பழைய வேகத்திலேயே சுருக்குமடி (மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்துச் சுருக்கும் பெரிய வலை) போட்டால் மிச்சமிருக்கும் முட்டை மீனும் போகும். கேரளம் 2015-இல் 14 வகை மீன்களுக்கும் 2017-இல் 58 வகைகளுக்கும் குறைந்தபட்ச அளவு விதித்தது. சாளைக்கு 10 செ.மீ., அயிலைக்கு 14 செ.மீ. கிளிமீனில் இந்த விதி பலன் தந்ததை அதன் பின் வந்த பிடிப்புக் கணக்கு காட்டுகிறது. ஆனால் விழிஞ்ஞத்துக்கு நேரே ராத்திரி நின்ற சாளைக் கூட்டம் விடிவதற்குள் இரையுமன்துறைக்கு நேரே நிற்கும். ஒரு கரையில் அபராதம் வாங்கித் தரும் மீன், மறுகரையில் தீவன ஆலைக்கு லாரி ஏறுமானால், விதி மீனைக் காப்பதில்லை. லாரியின் வழியை மட்டும் மாற்றுகிறது. இரண்டு மாநிலத்துக்கும் ஒரே அளவுப் பட்டியல் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

ஏலக்கூடத்தில் நோட்டும் கையுமாக ஒருவர் நிற்பார். எங்கள் படகின் மீனை அவர் எழுதிப் பார்த்ததே இல்லை. பிறகு எப்படி இத்தனை லட்சம் டன் என்று அறிக்கை வருகிறது? குத்துமதிப்பா?
— கொல்லங்கோடு வாசகர்

குத்துமதிப்பு இல்லை, மாதிரிக் கணக்கு. இறங்குதுறைகளை வகைபிரித்து, எந்தத் துறைக்கு எந்த நாள் போவது என்பதை முன்கூட்டியே குலுக்கல் முறையில் குறித்துவிடுகிறார்கள். அன்று கரை சேரும் படகுகளில் சிலவற்றை மட்டும் எடுத்து எந்த வலை, எத்தனை மணி நேரம் ஓட்டம், எந்தெந்த மீன், எவ்வளவு எடை என்று எழுதி, அதிலிருந்து மாதத்துக்கும் மாநிலத்துக்கும் பெருக்கிக் கொள்வார்கள். 1947-இல் தொடங்கிய சி.எம்.எஃப்.ஆர்.ஐ. நிறுவனம் பல பத்தாண்டுகளாகச் செப்பனிட்டுவரும் முறை இது. உங்கள் படகு அந்தக் குலுக்கலில் விழாமலே போகலாம்.

எடையோடு வேலை முடிவதில்லை. அடுத்த முறை அவர் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு கூடையிலிருந்து பெரிசு சிறிசு பொறுக்காமல் மீனை அள்ளுவார். அளவுகோல் பதித்த பலகையில் வாய் நுனியை முட்டவைத்து வால் நுனிவரை நீளம் பார்ப்பார். சிலவற்றை ஆய்வகத்துக்கு எடுத்துப் போவார்கள். அங்கே வயிற்றைக் கீறி, சினை மஞ்சளாகப் பருத்திருக்கிறதா, நூல் போலக் கிடக்கிறதா என்று குறிப்பார்கள். தலைக்குள் அரிசி நொய் போல இருக்கும் காதுக்கல்லை எடுத்துத் தேய்த்து, உருப்பெருக்கியில் வளையங்களை எண்ணி வயது சொல்வார்கள். எந்த நீளத்தில் முதல் முறை சினை பிடிக்கிறது, அந்த நீளத்தை எட்டுமுன் எவ்வளவு மீன் வலைக்கு வருகிறது என்ற இரண்டும் தெரிந்தால், அந்த இருப்பு (கடலில் அந்த இன மீனின் மொத்தத் தொகை) தாங்குமா தாங்காதா என்பதில் பாதி விடை கிடைத்துவிடும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். எல்லாச் சோறும் ஒரே பானையில் இருந்தால் சரி. நம் எல்லைக் கரையின் சிக்கலே அதில்தான். தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் படகுகள் தேங்காய்ப்பட்டணத்தில் இறக்குவதைவிடக் கொச்சி தோப்பும்படியிலும், அதற்கும் வடக்கே கர்நாடக, கோவா, குஜராத் துறைமுகங்களிலும் இறக்குவதே அதிகம். படகு குமரி மாவட்டத்து ஆளுடையது, மீன் லட்சத்தீவுக் கடலில் பிடிபட்டது, கணக்கோ கேரளத்தில் ஏறுகிறது. 2024-இல் நாட்டின் கடல்மீன் பிடிப்பு 34.7 லட்சம் டன், தமிழ்நாடு 6.79 லட்சம், கேரளம் 6.10 லட்சம் என்று அறிக்கை வந்ததும் யார் முந்தியது என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். அந்த எண்கள் எங்கே இறங்கியது என்பதைத்தான் சொல்கின்றன. எங்கே பிடித்தது என்பது வேறு கணக்கு. மீன் இருப்பை மதிப்பிட அதுதான் தேவை.

இதே நிறுவனம் 2022-ஆம் ஆண்டுக்காக 135 மீன் இருப்புகளை மதிப்பிட்டு, 91.1 விழுக்காடு நல்ல நிலையில் இருப்பதாக அறிவித்தது. ஆறுதலான செய்திதான். ஆனால் இருப்பு நலமாக இருப்பதும் உங்கள் படகுக்கு நாள் வருமானம் கூடுவதும் ஒன்றல்ல. மீன் அதே அளவு இருக்க, படகும் குதிரைத்திறனும் பெருகினால் ஒவ்வொருவர் பங்கும் இளைக்கத்தானே செய்யும்? கடலில் மீனில்லை என்று கரையில் கேட்கும் புலம்பலையும், மீன் நலம் என்ற அறிக்கையையும் சேர்த்துப் படித்தால் இரண்டுமே பொய் இல்லை என்பது புரியும்.

சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15-இல் விசைப்படகு கட்டப்படுகிறது. குளச்சலில் அப்போது தொழில் நடக்கிறது. ஒரே மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம் ஏன்?
— கன்னியாகுமரி வாசகர்

கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள். கோடு உங்கள் மாவட்டத்துக்குள் விழுகிறது. எல்லை தாண்டினால் இன்னொரு கணக்கும் உண்டு: 12 கடல் மைலுக்கு உட்பட்ட கடல் மாநிலத்தின் அதிகாரம் என்பதால், கேரளம் 1988 முதல் தனக்கென ஓர் இழுவலைத் தடை வைத்திருக்கிறது. இப்போது அது ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி 52 நாள். ஆக ஜூன் முதல் வாரத்தில் தேங்காய்ப்பட்டணத்து விசைப்படகு கட்டிக் கிடக்கும். பொழியூருக்கு நேரே கரைக்கடலில் இழுவலைக்குத் தடை இருக்காது.

எல்லா மீனும் அந்த இரண்டு மாதத்தில்தான் முட்டையிடுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். நம் வெப்பக் கடலில் பல மீன்கள் ஆண்டில் பல முறை முட்டையிடும். தடைக்காலத்தின் உண்மைப் பயன், ஆண்டு முழுக்கக் கடலை வாரும் இயந்திர பலத்தில் ஆறில் ஒரு பங்கைக் குறைப்பது. தடை முடிந்த மறுநாளே பெரிய எஞ்சின், பெரிய மடி என்று இறங்கினால் சேமித்தது ஒரே மாதத்தில் கரைந்துவிடும். தேதியைப் பற்றி நடக்கும் சண்டையில் கால்வாசி மடியின் (வலையின்) கண்ணளவைப் பற்றி நடந்திருந்தால் இன்னும் பயன் இருந்திருக்கும்.

நாங்கள் பிடிக்கும் கேரைச் சூரைக்கு வெளிநாட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்களாமே. எங்கள் கடல் மீனுக்கு அவர்கள் யார்?
— வள்ளவிளை வாசகர்

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் கேரை (மஞ்சள் துடுப்புச் சூரை) உங்கள் கடலில் மட்டும் நிற்பதில்லை. மாலத்தீவு, ஓமன், செஷல்ஸ், இலங்கை எல்லாக் கடலிலும் ஓடுகிற ஒரே இருப்பு அது. அதனால் தனி நாடு எதுவும் அதைத் தனியாக மதிப்பிட முடியாது. 1996 முதல் செயல்படும் இந்தியப் பெருங்கடல் சூரைமீன் ஆணையம் செஷல்ஸின் விக்டோரியாவில் இருக்கிறது. சூரையும் சூரை இனத்தை ஒத்தவையுமாக 16 வகைகள் அதன் பொறுப்பில் வருகின்றன. இந்தியாவும் உறுப்பினர். அங்கே நமக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது.

கேரையின் கதையையே பாருங்கள். 2015 மதிப்பீட்டில் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுவிட்டது என்றார்கள். 2016-இல் பெரிய அளவில் பிடிக்கும் நாடுகளுக்குக் குறைப்பு விதித்தார்கள். புதிய தரவுகளும் திருத்திய குறியீடுகளும் சேர்ந்த 2024 மதிப்பீடு, இருப்பு அபாயக் கோட்டுக்குக் கீழே இல்லை என்றது. இத்தனைக்கும் மீனை யாரும் நேரில் எண்ணியதில்லை. படகுகள் கொடுத்த பிடிப்புக் கணக்கும், ஒரு தூண்டில் ஓட்டத்துக்கு எத்தனை மீன் என்ற விவரமும்தான் தீர்ப்பை மாற்றின.

உங்களைத் தொடும் விஷயம் அடுத்து வருகிறது. எந்த நாட்டுக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்கும் பேச்சு அந்த ஆணையத்தில் ஆண்டுக்கணக்காக இழுத்துக்கொண்டிருக்கிறது. தொலைதூரத்திலிருந்து பெருங்கப்பல் அனுப்பும் நாடுகள், இதுவரை பிடித்த அளவே பங்குக்கு ஆதாரம் என்கின்றன. கரையோர நாடுகள், யாருடைய கடலில் பிடித்தாய் என்று கேட்கின்றன. எந்தப் பக்கம் தீர்ந்தாலும் எழுத்தில் ஏறாத பிடிப்புக்கு அங்கே மதிப்பில்லை. தூத்தூர் படகு நாற்பது நாள் கடலில் கிடந்து பிடித்த கேரை, தரகர் சீட்டில் "பலமீன்" என்று போனால், அது இந்தியா பிடிக்காத மீனாகிவிடும்.

உடம்பளவு நீண்ட வாலுள்ள சுறா தூண்டிலில் ஏறினால் என்ன செய்வது?
— சின்னத்துறை வாசகர்

உயிரோடிருந்தால் கயிற்றை வெட்டி விட்டுவிடுங்கள். நெடுவால் சுறாக்கள் ஒரு ஈற்றில் இரண்டு முதல் நான்கு குட்டிதான் போடும். குறைந்தால் மீள்வது மிகக் கடினம். மேற்சொன்ன ஆணையமும் 2012-இல் இவற்றைப் படகில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று தீர்மானித்தது. வேறு சுறா எதுவானாலும் துடுப்பை மட்டும் அரிந்துகொண்டு உடலைக் கடலில் எறிவது இந்தியாவில் 2013 முதல் தடை; துடுப்பு ஏற்றுமதி 2015 முதல் தடை.

கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலுக்கடியில் உள்ள மீன்வளம் மிக்க வாட்ஜ் திட்டு இலங்கைக்கும் சொந்தம் என்று என் தாத்தா சொல்வார். உண்மையா?
— முட்டம் வாசகர்

சொந்தம் இல்லை, ஆனால் தாத்தா காரணமில்லாமல் சொல்லவில்லை. இலங்கை இழுவைக் கப்பல்கள் அங்கே பல ஆண்டுகள் தொழில் செய்தன. 1976 மார்ச்சில் இரு நாடுகளும் மன்னார் வளைகுடாவில் கடல் எல்லை வகுத்தபோது அந்தத் திட்டு இந்தியாவின் பொருளாதார மண்டலத்துக்குள் வந்தது. நல்லெண்ணமாக, உரிமம் பெற்ற ஆறு இலங்கைக் கப்பல்கள் மூன்று ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மிகாமல் பிடிக்கலாம் என்று ஏற்றுக்கொண்டார்கள். எத்தனை கப்பல், எவ்வளவு டன், எத்தனை ஆண்டு என்று எண்ணில் எழுதப்பட்டதால் அது சச்சரவில்லாமல் முடிந்தது. பாக் நீரிணையில் அப்படி எண்ணில் எழுதிய ஏற்பாடு ஒன்று இல்லாததன் விலையை ராமேசுவரத்துக்காரர்களும் யாழ்ப்பாணத்துக்காரர்களும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒத்துழைப்பு என்று நாடு நாடாகக் கூடிப் பேசுகிறார்களே, கரைக்கு ஏதாவது வந்திருக்கிறதா?
— மார்த்தாண்டம் கல்லூரி மாணவி

மெதுவாக வருகிறது. சென்னையில் தலைமையகம் வைத்திருக்கும் வங்காள விரிகுடா திட்ட அமைப்பில் இந்தியா, இலங்கை, மாலத்தீவு, வங்கதேசம் நான்கும் உறுப்பினர். நான் காட்டக்கூடிய தெளிவான உதாரணம் வங்காள விரிகுடாவின் வடமுனையில் இருக்கிறது. வங்கதேசம் தன் கடலில் மே 20 முதல் ஜூலை 23 வரை 65 நாள் தடை வைத்திருந்தது. நம் கிழக்குக் கரைத் தடை ஜூன் 14-இல் முடிந்துவிடும். இடைப்பட்ட நாட்களில் நாங்கள் சும்மா இருக்க இந்தியப் படகுகள் வாருகின்றன என்பது அங்குள்ள மீனவரின் நெடுநாள் முறையீடு. 2025-இல் அவர்கள் தடையை ஏப்ரல் 15 முதல் ஜூன் 11 வரை என்று மாற்றி 58 நாளாக்கினார்கள். ஒரே இருப்பை உண்ணும் இரண்டு கரைகள் ஏறத்தாழ ஒன்றாகவே இப்போது படகைக் கட்டுகின்றன. இரண்டு நாடுகளுக்கு இது முடிந்திருக்கிறது. நீரோடிக்கும் பொழியூருக்கும் நடுவே ஒரு வாரத்தைச் சரிசெய்ய முடியாதா என்று உங்கள் கல்லூரிக் கருத்தரங்கில் கேளுங்கள்.

படகில் குறிப்பேடு வைக்கச் சொல்கிறார்கள். எதை எழுதுவது? எங்கள் பார் (மீன் கூடும் கடலடிப் பாறைத் திட்டு) இருக்குமிடம் வெளியே தெரிந்துவிடாதா?
— இரவிபுத்தன்துறை வாசகர்

பாரின் துல்லியமான இடத்தைக் காட்டிக்கொடுக்கச் சொல்ல மாட்டேன். அட்சரேகை, தீர்க்கரேகையில் அரை பாகை அளவுக்குப் பெருங்கட்டமாகக் குறித்தாலே ஆய்வுக்குப் போதும். நாள், வலையா தூண்டிலா, எத்தனை தூண்டில், எத்தனை மணி நேரம், இனவாரியாக எடை, கடலில் திருப்பி எறிந்தது எவ்வளவு ஆகியவற்றை எழுதுங்கள். கேரை, சூரை, சுறா எல்லாவற்றையும் ஒரே வரியில் அடைக்காதீர்கள். கொச்சியில் இறக்கினாலும் மங்களூரில் இறக்கினாலும் ஒரே ஏட்டில் தொடருங்கள். துறைமுகத்துக்கு ஒன்றாகப் புதிது தொடங்க வேண்டாம்.

மறந்துபோவது ஒன்று உண்டு. வலை வெறுமையாக வந்த நாளை யாரும் எழுதுவதில்லை. அந்த நாளும் கணக்கில் வர வேண்டும். கிடைத்த நாட்களை மட்டும் வைத்துச் சராசரி பார்த்தால், மீன் குறைந்துகொண்டே வரும்போதும் ஏடு மட்டும் நல்ல பிடிப்பையே காட்டிக்கொண்டிருக்கும். தேதியைப் போட்டு, ஓடிய நேரத்தை எழுதி, எதிரே சுழியம் போடுங்கள்.