கப்பல் நிற்கும் ஊரில் குழந்தைகளோடு எங்கே இறங்குவது?

வாசகர் கேள்வி–பதில்

(உல்லாசக் கப்பல்களில் கரைச் சுற்றுலாப் பிரிவில் பணியாற்றிவிட்டு, இப்போது சொந்த ஊரான ராயபுரத்தில் வசிப்பவர், பயணம் குறித்த வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.)

கேள்வி: அக்கா, என் தம்பி ஃப்ளோரிடாவில் வேலை பார்க்கிறான். மே மாத விடுமுறையில் எங்களையும் சேர்த்துக்கொண்டு மயாமியிலிருந்து 7 இரவு கரீபியன் கப்பல் பயணம் போகலாம் என்கிறான். பஹாமாஸில் கப்பல் நிறுவனத்தின் சொந்தத் தீவு, ஜமைக்காவில் ஓச்சோ ரியோஸ், பிறகு கிராண்ட் கேமன், மெக்ஸிகோவின் கோசுமெல் ஆகிய இடங்களில் கப்பல் நிற்குமாம். மகளுக்கு 5 வயது, மகனுக்கு 2 வயது. ஒவ்வோர் ஊருக்கும் பக்கம் பக்கமாகச் சுற்றுலாப் பட்டியல் அனுப்பியிருக்கிறான். எதை எடுப்பது, எதை விடுவது?
— வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: 4 ஊருக்கு 4 சுற்றுலா என்று உங்கள் தம்பி கணக்குப் போட்டு வைத்திருப்பார். இரண்டு போதும். பட்டியலை மகளின் ஆசையிலிருந்து படிக்காதீர்கள், மகனின் மதியத் தூக்கத்திலிருந்து படியுங்கள். 12 மணிக்குத் தூங்கிப் பழகிய பிள்ளையை 12 மணிக்கு வெயிலில் பஸ்ஸில் உட்கார வைக்கிற எந்தச் சுற்றுலாவும், அது எவ்வளவு புகழ் பெற்றதாக இருந்தாலும், உங்களுக்கு ஆகாது. காலையில் முதல் அணியாகக் கிளம்பி, 3 மணி நேரத்துக்குள் திரும்புவதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியலில் பாதி அடிபட்டுவிடும்.

சொந்தத் தீவில் எதுவும் வாங்காதீர்கள். மணற்கரை, நாற்காலி, மதியச் சாப்பாடு எல்லாம் பெரும்பாலும் கப்பல் கட்டணத்திலேயே அடங்கியவை. நீர்ச்சறுக்குப் பூங்கா இருந்தால் அதற்குத் தனிக்காசு. அங்கே உயர வரம்பு வைத்திருப்பார்கள். உங்கள் மகன் வெளியேதான் நிற்பான். இரண்டு பிள்ளைகளுக்கும் மணலும் ஒரு பிளாஸ்டிக் வாளியும் போதும்.

ஓச்சோ ரியோஸில் எல்லாரும் உங்களிடம் டன்ஸ் ரிவர் அருவியை விற்கப் பார்ப்பார்கள். ஏறத்தாழ 180 மீட்டர் நீளத்துக்குப் படிப்படியாகப் பாறைகள். ஆட்கள் கைகோத்துச் சங்கிலியாக, ஓடும் நீருக்குள்ளேயே ஏறுவார்கள். பெரியவர்களுக்கு அருமையான இடம், மறுக்க மாட்டேன். ஆனால் வழுக்குப் பாறையில் ஒரு கையை அந்நியரிடம் கொடுத்துவிட்டு இன்னொரு கையில் 2 வயதுப் பிள்ளையை இடுக்கிக்கொண்டு ஏறுவது துணிச்சல் இல்லை, மடமை. 5 வயது மகளும் வேண்டாம். அருவியின் ஓரமாகவே படிக்கட்டு போகிறது. அடியில், ஆறு கடலில் கலக்கும் இடத்தில் சின்ன மணற்கரையும் உண்டு. உங்கள் கணவரும் தம்பியும் ஏறட்டும். நீங்கள் பிள்ளைகளோடு கீழே தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு இருங்கள். நழுவாத ரப்பர் காலணியை ஊரிலேயே வாங்கிவிடுங்கள்.

கிராண்ட் கேமனில்தான் நான் உங்களைச் செலவு செய்யச் சொல்வேன். அங்கே ஸ்டிங்ரே சிட்டி என்ற மணல்திட்டு கடலுக்கு நடுவே இருக்கிறது. படகில் போய் இறங்கினால் பெரியவர்களுக்கு இடுப்பளவுத் தண்ணீர். அதில் திருக்கை மீன்கள் காலைச் சுற்றி வரும். அந்தக் காலத்து மீனவர்கள் பவளத்திட்டுக்கு உள்ளே, அலையடங்கிய நீரில் படகை நிறுத்தி மீனைச் சுத்தம் செய்து கழிவைக் கொட்டினார்கள். திருக்கைகள் படகுச் சத்தத்துக்கே வந்து கூடப் பழகிக்கொண்டன. காசிமேட்டு ஏலத்தில் திருக்கையை வாலறுத்துக் கிடத்தியிருப்பதை மட்டுமே பார்த்த நம் பிள்ளைகளுக்கு, அது விசிறியை மடித்து விரிப்பதுபோல நீந்துவதைப் பார்ப்பது பெரிய விஷயம். வாலில் முள் உண்டு, அதை மறந்துவிடக் கூடாது. காலைத் தூக்கி வைத்து நடக்காமல் மணலோடு இழுத்து நடந்தால், மேலே மிதிபடாமல் அது விலகிப் போய்விடும். மகளை இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். மகன் படகிலேயே ஒரு பெரியவரோடு இருக்கட்டும். இரண்டு பேர் இறங்கினால் இரண்டு பேர் படகில் என்று முறை வைத்துக்கொண்டால் ஒருவருக்கும் மனத்தாங்கல் வராது.

அதே ஊரில் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பெரிய கப்பல்கள் கரையைத் தொடுவதில்லை. கடலில் நங்கூரம் போட்டு நிற்க, டெண்டர் படகில்தான் இறங்க வேண்டும். கப்பலின் பக்கவாட்டுக் கதவு திறந்திருக்கும். கீழே டெண்டர் அலைக்கு ஏறி இறங்கும். வாசலில் நிற்கும் சிப்பந்திகள் பிள்ளையைக் கொடுங்கள் என்று கையை நீட்டுவார்கள். நம் தாய்மார்கள் கொடுக்க மாட்டார்கள், இன்னும் இறுக்கிக்கொள்வார்கள். கொடுத்துவிடுங்கள். படகு மேலே எழும்பி, இரண்டு தளமும் ஒரே மட்டத்துக்கு வருகிற அந்த நொடிக்காகத்தான் அவர்கள் காத்திருப்பார்கள். பிள்ளை கை மாறுவதே உங்களுக்குத் தெரியாது. அதன் பிறகு இரண்டு கையும் காலியாக நீங்கள் தாண்டுவதுதான் பத்திரம். தள்ளுவண்டி எடுத்துப் போவதானால் ஒரே கையால் மடங்குகிற சின்னது போதும்.

கோசுமெலில் உங்கள் தம்பி துலும் பார்க்க ஆசைப்படுவார். கடலோரத்தில் மாயா மக்களின் இடிபாடுகள். படத்தில் அழகாக இருக்கும். ஆனால் அது தீவில் இல்லை, எதிர்க்கரையில் இருக்கிறது. முக்கால் மணி நேரம் ஃபெர்ரி, பிறகு ஒரு மணி நேரம் பஸ், அங்கே நிழலே இல்லாத வெட்டவெளி, பிறகு அதே வழியில் திரும்ப வேண்டும். முழுநாளும் போய்விடும். அந்த ஃபெர்ரி ஆடுகிற ஆட்டத்தில் பெரியவர்களே பையைத் தேடுவார்கள். மாயா இடிபாடு பார்த்தே ஆக வேண்டுமென்றால் தீவுக்குள்ளேயே சான் கெர்வாசியோ இருக்கிறது. இஷ்செல் என்ற பெண் தெய்வத்தைக் கும்பிட மாயா பெண்கள் கடல் கடந்து வந்த தலம். சின்ன இடம்தான். கல் மேடைகளில் இகுவானா ஓணான்கள் வெயில் காயும். உங்கள் மகளுக்குக் கோயிலைவிட ஓணான்தான் பிடிக்கும், அதில் தவறில்லை. கொசு மருந்து பூசிக்கொண்டு போங்கள். அல்லது சான்கனாப் கடற்கரைப் பூங்காவுக்கு டாக்ஸியில் போய், மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள்.

இப்போது கடலைப் பற்றி. நமக்குக் கடல் என்றால் கிழக்கு. எண்ணூரிலிருந்து காசிமேடு வரை அலை அடித்து வளர்ந்த நாம், கடற்கரை என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துவிடுவோம். கரீபியனில் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வீசுகிறது. அதனால் ஒரே தீவின் கிழக்குக் கரையில் அலை முட்டும், மேற்குக் கரை குளம்போலக் கிடக்கும். பட்டியலில் ஒரு கடற்கரையின் பெயரைப் பார்த்தால் முதலில் வரைபடத்தை எடுத்து அது தீவின் எந்தப் பக்கம் என்று பாருங்கள். கேமனின் செவன் மைல் கடற்கரை மேற்கில் இருக்கிறது, சான்கனாப்பும் மேற்கில்தான். கோசுமெலின் கிழக்குக் கரையில் படம் எடுக்கலாம், பிள்ளையை இறக்கக் கூடாது. நீங்கள் போகும் மே மாதத்தில் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி அந்தப் பகுதிகளில் ஒதுங்குகிற காலமும் ஆகும். அதுவும் கிழக்குப் பார்த்த கரைகளையே அதிகம் மூடும். அழுகினால் முட்டை நாற்றம்.

கரையோர மரநிழலில் பிள்ளையைக் கிடத்தும் முன் மேலே பாருங்கள். மான்சினீல் என்று ஒரு மரம் கரீபியன் கரைகளில் வளர்கிறது. காய் சின்னப் பச்சை ஆப்பிள் போலவே இருக்கும். தின்றால் வாயும் தொண்டையும் புண்ணாகும். பால் பட்டால் தோல் கொப்புளிக்கும். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினாலும் சொட்டும் நீரால் அதே கதிதான். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை அடித்தோ பலகை மாட்டியோ எச்சரித்திருப்பார்கள். எல்லா இடத்திலும் அல்ல. தரையில் கிடக்கும் எந்தக் காயையும் தொடக் கூடாது என்று மகளுக்கு இங்கேயே சொல்லிக் கூட்டிப் போங்கள்.

காற்றடைத்த கைப்பட்டைகளை நம்பாதீர்கள், அவை விளையாட்டுப் பொருள்கள். அளவான உயிர்க்காப்புச் சட்டையை உங்கள் தம்பி அமெரிக்காவிலேயே வாங்கி வைக்கட்டும். கப்பல் நீச்சல்குளங்களில் டயப்பர் போட்ட பிள்ளையை, நீச்சல் டயப்பரானாலும், பொதுவாக விட மாட்டார்கள். சில கப்பல்களில் அவர்களுக்கென்று தனி நீர்விளையாட்டு இடம் உண்டு. பதிவு செய்யும் முன் இதைக் கேளுங்கள். 2 வயதில் கடற்கரையைவிடக் குளத்துக்குத்தான் அதிகம் அழுவார்கள்.

கேள்வி: கப்பலில் விற்கும் சுற்றுலாவைவிடத் துறைமுக வாசலில் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று நண்பர் சொல்கிறார். வெளியில் எடுக்கலாமா?
— வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: அந்தச் சுற்றுலாக்களை விற்ற மேசையில் உட்கார்ந்தவள் சொல்கிறேன்: எடுக்கலாம், பக்கத்தில் இருக்கும் கடற்கரைக்கு மட்டும். துறைமுகத்திலிருந்து 15 நிமிடத்தில் இருக்கும் மணற்கரைக்குக் கப்பலில் தலைக்கு இவ்வளவு என்று கட்டுவது வீண். 4 பேர் ஒரு டாக்ஸியில் போய்விடலாம். ஏறும் முன் கட்டணம் வண்டிக்கா, தலைக்கா, போகவா, போய்வரவா என்று கேட்டுவிடுங்கள்.

தூரமாகப் போவதானால் கப்பலிலேயே வாங்குங்கள். கப்பலின் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு உங்களைக் கொண்டு சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. நீங்களாகப் போய்த் தாமதமானால் கப்பல் போய்விடும். பாலத்தின் மேல் பையும் பிள்ளையுமாக ஓடி வருபவர்களைப் பார்ப்பதற்கென்றே மேல்தளத்தில் ஒரு கூட்டம் கூடி நிற்கும். கைதட்டுவார்கள், சத்தம் போடுவார்கள். எனக்கு அது ஒருநாளும் வேடிக்கையாக இருந்ததில்லை. ஓடி வருபவர்களில் பாதிப் பேர் சோம்பேறிகள் அல்லர், கைபேசியை நம்பியவர்கள். கோடைக்காலக் கணக்கில் மயாமி, ஜமைக்காவையும் கேமனையும் கோசுமெலையும்விட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கிறது. கப்பல் மயாமி நேரத்திலேயே ஓடினால், கரையிறங்கியதும் தானாக மாறிக்கொள்ளும் கைபேசி உங்களை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடும். சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றில் கப்பல் நேரத்தை வைத்துக் கட்டிக்கொண்டு இறங்குங்கள்.

இன்னொரு லாபம்: புயலாலோ காற்றாலோ கப்பல் ஓர் ஊரில் நிற்காமல் போனால், கப்பலில் வாங்கிய சுற்றுலாவுக்குப் பணம் திரும்பி வரும். கரீபியனில் புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை.

கேள்வி: போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் தொடங்கி குவாதலூப் தீவு வழியாகப் போகும் கப்பலில் மகள் குடும்பத்தோடு செல்கிறோம். பேரனுக்கு 7 வயது. எனக்குக் கடலில் இறங்க விருப்பமில்லை. பேரனோடு நானும் ரசிக்கும்படி ஏதாவது உண்டா?
— வாசகர், திருவொற்றியூர்

பதில்: உண்டு ஐயா, கடற்கரையைவிட நல்லதாகவே உண்டு. சான் ஹுவானில் எல் மோரோ கோட்டை. ஸ்பானியர்கள் 1539-இல் கட்டத் தொடங்கியது. கோட்டைக்கு முன்னால் கடலைப் பார்த்து விரிந்த புல்வெளியில் ஊரே பட்டம் விடும். அங்கேயே பட்டம் விற்பார்கள். மாஞ்சா பயத்தில் நம் பகுதியில் பிள்ளைகளைப் பட்டத்தின் பக்கமே விடுவதில்லை. அங்கே பேரன் கையில் நூலைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக உட்காரலாம். சுற்றுலா டிக்கெட் வேண்டாம், கப்பல் நிற்கும் இடத்திலிருந்து நடந்தே போகலாம், கொஞ்சம் மேடு.

குவாதலூப்பில் நீங்கள் கேட்க வேண்டிய ஊர் காப்பஸ்தேர்-பெல்-ஓ. அங்கே ஷாங்கி என்ற இடத்தில் சாலையோரமாக நம் தெய்வங்கள் நிற்கும் கோயில் இருக்கிறது. கரும்புத் தோட்ட வேலைக்கென்று 1854 டிசம்பரில் முதல் கப்பல் ஆட்களை இறக்கியது. அதைத் தொடர்ந்து பல்லாயிரம் பேர் புதுச்சேரி, காரைக்கால், மதராஸ் பக்கங்களிலிருந்து போனார்கள். மொழி போய்விட்டது, மாரியம்மன் போகவில்லை. கடையில் கொலம்போ என்று ஒரு மசாலாத் தூள் கேட்டு வாங்கி முகர்ந்து பாருங்கள், மல்லியும் மஞ்சளும் சீரகமும் உங்களுக்கே தெரியும். கப்பலின் பட்டியலில் இந்தக் கோயில் இல்லாமல் போகலாம். டாக்ஸி பேசித்தான் போக வேண்டும். குவாதலூப் பிரான்ஸின் பகுதி என்றாலும் ஐரோப்பிய நாடுகளுக்கான சாதாரண ஷெங்கன் விசா அங்கே தானாகச் செல்லாது. எனவே பணம் கட்டும் முன் கப்பல் நிறுவனத்திடம் இந்திய பாஸ்போர்ட் என்று சொல்லி விசா விவரத்தை எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: 8 மாதக் குழந்தையைக் கரீபியன் கப்பலில் ஏற்றுவார்களா?
— வாசகி, வியாசர்பாடி

பதில்: பெரும்பாலான நிறுவனங்களில் 6 மாதம் முடிந்திருக்க வேண்டும். இடையில் நிறுத்தமில்லாமல் பல நாள் கடலிலேயே போகும் பயணங்களுக்கு 12 மாதம். குழந்தைகள் காப்பகம் பொதுவாக 3 வயதுக்கு மேல், டயப்பர் பழக்கம் விட்ட பிள்ளைகளுக்கு மட்டும். கரைச் சுற்றுலாப் படகுகளில் கைக்குழந்தைக்குத் தடை இருக்கும். துறைமுக டாக்ஸிகளில் குழந்தை இருக்கை இருக்காது. இந்த முறை நடந்து போகக்கூடிய துறைமுகங்களுள்ள வழித்தடமாகத் தேர்ந்தெடுங்கள், பால் பவுடரை ஊரிலிருந்தே மூடி பிரிக்காமல் எடுத்துப் போங்கள்.