வேகக் கேமரா எச்சரிக்கைச் செயலிகள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கே: சார், போலீஸ் நிற்கிற இடம் செயலிக்கு எப்படித் தெரிகிறது? போனுக்குள் ரேடார் ஏதாவது இருக்கிறதா?

ப: கிடையாது. ரேடார் அலையைப் பிடிக்கும் டிடெக்டர் தனிக் கருவி. செயலிக்குத் தெரிவது, உங்களுக்கு முன்னால் போனவர் திரையைத் தட்டிச் சொன்னது மட்டும்தான். அந்த இடமும் அவர் வண்டி போன திசையும் சர்வரில் ஏறும். அதே வழியில் வருகிற உங்களுக்குக் குரல் கேட்கும். நட்டு வைத்த கேமராக்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு.

கே: வேஸ் (Waze) என்ற வழிகாட்டிச் செயலி எச்சரித்த இடத்தில் யாருமே இல்லை. எச்சரிக்காத இடத்தில் மாட்டிக்கொண்டேன். இதை எப்படி நம்புவது?

ப: எச்சரிக்கை வந்தால், சற்று முன்பு அங்கே யாரோ எதையோ பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். வராவிட்டால் அதற்கு அர்த்தமே இல்லை. பலர் சறுக்குவது இங்கேதான். போன் மௌனமாக இருந்தால் சாலை காலி என்று எடுத்துக்கொள்கிறார்கள். செயலி வைத்திருப்பவர் அந்தப் பக்கம் போகாமல் இருந்திருக்கலாம், போயும் தட்டாமல் விட்டிருக்கலாம். ஆள் நடமாட்டமில்லாத இரவுச் சாலையில் இது இன்னும் மோசம். வேகம் பிடிக்க ஆசை வருவதும் அதே சாலையில்தான்!

பொய்த் தகவலும் உண்டு. 2014-இல் இஸ்ரேலின் டெக்னியான் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் போலிப் பயனர்களை உருவாக்கி, இல்லாத நெரிசலை வேஸில் வரவழைத்துக் காட்டினார்கள். 'இன்னும் இருக்கிறார்களா?' என்று செயலி கேட்பது பழைய தகவலையும் பொய்யையும் களையத்தான். பலர் 'இல்லை' என்றால் குறி மறைந்துவிடும்.

கே: கேமரா வரும்போது பிரேக் பிடித்தால் போதும்தானே?

ப: சராசரி வேகக் கேமராவிடம் பலிக்காது. ஒரு முனையில் நம்பர் பிளேட்டைப் படித்து, மறுமுனையில் மீண்டும் படித்து, இடைத்தூரத்தை நேரத்தால் வகுத்துவிடும்.

கே: இதைப் பயன்படுத்துவது குற்றமா?

ப: நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் ஓட்டுநர் இதைப் பயன்படுத்தினால் 75 யூரோ அபராதம், உரிமத்தில் 1 தண்டனைப் புள்ளி. பக்கத்தில் இருப்பவரின் போன்தான் என்று சொல்லியும் தப்ப முடியாது என 2023-இல் கார்ல்ஸ்ரூ உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரான்ஸில் கேமராவின் இடத்தைக் காட்டக் கூடாது. 'அபாயப் பகுதி' என்று காட்டலாம். அந்தப் பகுதியின் நீளம் நகருக்குள் 300 மீட்டர், வெளியே 2 கிலோமீட்டர், விரைவுச் சாலையில் 4 கிலோமீட்டர். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ரேடார் டிடெக்டருக்குத் தடை. எல்லை தாண்டி ஓட்டுவதானால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கே: குடித்துவிட்டு ஓட்டுகிறவனுக்கும் இது உதவுமே, அண்ணா?

ப: உதவும். எனக்கும் இதில் உடன்பாடில்லை. வேக எச்சரிக்கையைக் கேட்டு ஒருவர் வேகத்தைக் குறைத்தால் போலீஸ் விரும்பியது நடந்துவிடுகிறது. குடித்தவருக்கோ எச்சரிக்கையால் போதை தெளியாது. அவர் வேறு தெருவில் திரும்புவார், அவ்வளவே. 2011-இல் அமெரிக்க செனட்டர்கள் 4 பேர் எழுதிய கடிதத்துக்குப் பிறகு, போலீஸ் தானே வெளியிடாத குடிபோதைச் சோதனை இடங்களைக் காட்டும் செயலிகளை ஏற்பதில்லை என்று ஆப்பிள் விதியை மாற்றியது. 2019-இல் நியூயார்க் போலீஸும், வேஸில் இந்த இடங்களைக் காட்டுவதை நிறுத்தச் சொல்லி கூகுளுக்குக் கடிதம் எழுதியது. வேஸ் 2013 முதல் கூகுள் கையில்.

கே: ட்ராப்ஸ்டர் என்று இதே மாதிரி எச்சரிக்கைச் செயலி ஒன்று இருந்ததே?

ப: 2014 முடிவோடு மூடிவிட்டார்கள்.

கே: ஓட்டிக்கொண்டே தகவல் பதிவது?

ப: வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் தட்டட்டும்.

கே: கடைசியாக, எந்த வசதியை ஆன் செய்யச் சொல்வீர்கள்?

ப: வேக வரம்பைத் தாண்டினால் ஒலிக்கும் எச்சரிக்கையை. அதற்கு யாரும் முன்னால் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பழுதுபார்க்கும் சாலையில் தற்காலிகமாக வைக்கும் வரம்புப் பலகை பெரும்பாலும் வரைபடத்தில் ஏறியிருக்காது; அங்கே பலகை சொல்வதே கணக்கு.