‘தருமாம்’ என்றால் போதாது: வெளிநாடு செல்லும் குடும்பங்களின் மருத்துவக் காப்புறுதி

இம்முறை வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவற்றில் ‘கம்பனி இன்சூரன்ஸ் தருமாம்’ என்ற வாக்கியம் ஏதோவொரு வடிவில் இருக்கிறது. அந்த ‘ஆம்’தான் எனக்குக் கவலை. முகவர் வாயால் சொன்னது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா, யாருடைய பெயருக்கு, எந்தத் திகதியிலிருந்து என்பதைப் பார்த்தே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

டுபாயில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்துள்ளது. மூன்று மாதத்தில் மனைவியையும் மகளையும் அழைக்க எண்ணியுள்ளேன். மனைவிக்குச் சீனி வருத்தம் உண்டு. கம்பனி மூவருக்கும் காப்புறுதி தருமாம், நம்பலாமா? (ஹட்டன்)

டுபாயின் 2013ஆம் ஆண்டு 11ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியருக்குக் காப்புறுதி எடுப்பது தொழில் வழங்குநரின் கடமை. குடும்பத்தினருக்கு எடுப்பதோ, அவர்களுடைய விசாவுக்குப் பொறுப்பேற்பவரின், அதாவது உங்களுடைய, கடமை. கம்பனி விரும்பினால் அதையும் ஏற்கலாம், ஆனால் அது ஒப்பந்தத்தில் மனைவி, பிள்ளை என்ற சொற்களோடு இருக்க வேண்டும். சவூதியில் குடும்பத்துக்கும் தொழில் வழங்குநரே எடுக்க வேண்டியிருப்பதால், அங்கிருந்து திரும்பியவர்கள் சொல்வதை டுபாய்க்குப் பொருத்திப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள்.

டுபாயின் அடிப்படைத் திட்டம் ஆளொருவருக்கு ஆண்டுக்கு 150,000 திர்ஹம் வரை செலவை ஏற்கிறது. மருத்துவரைப் பார்க்கும்போது ஒரு பங்கை நீங்களும் செலுத்த வேண்டும். முதன்முறையாகச் சேர்பவருக்கு முன்பே இருந்த நோய்க்கான சிகிச்சை, அவசர நிலை தவிர, முதல் 6 மாதங்களுக்குக் கிடைக்காது. அதற்காக நோயை மறைத்து விண்ணப்பிக்க வேண்டாம். மறைத்தது பின்னர் தெரியவந்தால் கோரிக்கை முழுவதுமே நிராகரிக்கப்படலாம். மனைவியின் இரத்தப் பரிசோதனைகளைப் புறப்படுமுன் இங்குள்ள கிளினிக்கிலேயே முடித்துவிடுங்கள். ஒருவர் என்னிடம் காட்டிய கிளினிக் கொப்பி மழையில் நனைந்து, மாத்திரையின் அளவு எழுதியிருந்த இடத்தில் மட்டும் மை கரைந்து நீலத் திட்டாகக் கிடந்தது. அதை வைத்துக்கொண்டு எந்த நாட்டு மருத்துவரும் மருந்து எழுத மாட்டார். ஆகவே நோய் விபரத்தை ஆங்கிலத்தில் தனிக் கடிதமாக வாங்கி, டயக்னோசிஸ் காட் எனப்படும் நோய் விபர அட்டையுடன் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான் தாதி. கணவர், இரு பிள்ளைகளுடன் இங்கிலாந்து செல்கிறேன். தனியார் காப்புறுதி வேண்டுமா? (நுவரெலியா)

உங்கள் விசா சுகாதார, பராமரிப்புப் பணியாளர் வகையைச் சேர்ந்ததாயின் வேண்டியதில்லை. அவ்வகையினரும் அவர்களது குடும்பத்தினரும், அந்நாட்டு அரச சுகாதார சேவையைப் பயன்படுத்துவதற்காக விசா விண்ணப்பத்தோடு அறவிடப்படும் குடிவரவு சுகாதாரக் கட்டணத்திலிருந்து விலக்குப் பெற்றவர்கள். சாதாரணத் திறன்சார் பணியாளர் விசாவில் இதே குடும்பம் சென்றால், பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண், 18 வயதுக்குக் குறைந்தவருக்கு 776 பவுண் என்று மூன்றாண்டுக்கு 10,866 பவுணை விண்ணப்பிக்கும்போதே ஒரே தடவையில் கட்ட வேண்டும். ஆகவே விண்ணப்பப் படிவத்தில் வகை சரியாகத் தெரிவு செய்யப்பட்டுள்ளதா என்று நீங்களே பாருங்கள். பல் வைத்தியத்துக்குப் பெரியவர்கள் தனியே செலுத்த வேண்டும். இன்னொன்று: பராமரிப்பாளர் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பது 2025 ஜூலை 22 உடன் நிறுத்தப்பட்டுவிட்டது, அந்த வேலைக்கு இப்போதும் பணம் கேட்பவரிடம் காப்புறுதி பற்றிப் பேசவே தேவையில்லை.

அவுஸ்திரேலியாவுக்கு 482 எனப்படும் தற்காலிக வேலை விசாவில் செல்கிறேன். மனைவி மூன்று மாதக் கர்ப்பிணி. அவருக்கும் காப்புறுதி எடுத்து அழைத்துச் செல்லலாமா? (பண்டாரவளை)

இலங்கைக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே பரஸ்பர மருத்துவ ஒப்பந்தம் இல்லை. இவ்விசாவில் இருக்கும்வரை போதுமான காப்புறுதி வைத்திருப்பது விசா நிபந்தனையாகும். ஆனால் வெளிநாட்டினருக்கான திட்டங்களில் பேறுகாலச் செலவுக்கு வழக்கமாக 12 மாதக் காத்திருப்புக் காலம் இருப்பதால், இப்போது எடுக்கும் காப்புறுதி இந்தப் பிரசவத்துக்கு உதவாது. என் அபிப்பிராயத்தில், நீங்கள் முன்னே போக, மனைவி இங்கு அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகப் பிரசவித்து, பிள்ளைக்குக் கடவுச்சீட்டும் விசாவும் எடுத்தபின் வருவதே நல்லது. பிரிவு கடினம்தான், ஆயினும் கடனோடு தொடங்கும் குடித்தனம் அதைவிடக் கடினம்.

பதுளையிலுள்ள பெற்றோரைக் கனடாவுக்கு, பெற்றோர் நீண்டகாலம் வந்து தங்குவதற்கான சூப்பர் விசாவில் அழைக்கலாமா?

அழைக்கலாம். குறைந்தது 100,000 டொலர் பெறுமதியான, ஓராண்டுக்குச் செல்லுபடியாகும் தனியார் காப்புறுதி அவர்களுக்கு இருக்க வேண்டும். வயதையும் நோய்களையும் பொறுத்துக் கட்டணம் ஏறும்.

வீட்டுப் பணிப்பெண்ணாகக் குவைத் செல்கிறேன். பிள்ளைகள் லயத்தில் அம்மாவுடன் இருப்பார்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவிலுள்ள காப்புறுதி அவர்களுக்கும் உதவுமா? (மஸ்கெலியா)

பிள்ளைகளின் வைத்தியச் செலவுக்கு அன்று. இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவதால் கிடைப்பது பணிக்குச் செல்பவருக்கான பாதுகாப்பு. பதிவுக் காலம் முடிந்தும் அங்கேயே இருப்பதாயின் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பிள்ளைகளுக்குத் தோட்டத்து மருந்தகமும் அரசாங்க வைத்தியசாலையும் இருக்கின்றன. ஆனால் இரவில் காய்ச்சல் கண்டால் முச்சக்கரவண்டிக்குக் கொடுக்கச் சிறு தொகையொன்று அம்மாவின் கையில் இருக்கட்டும். பதிவு ரசீது, ஒப்பந்தம், கடவுச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகளையும் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தையும் அவரிடம் கொடுத்துவிட்டே புறப்படுங்கள். உங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால் பணியகத்தைத் தேடிப் போய்க் கோரிக்கை வைக்க வேண்டியவர் அவர்தான்.