கலர் பொடி தொடாமல் கிறிஸ்துமஸ் மேசை: கேட்டவையும் என் பதில்களும்

பாளையங்கோட்டைப் பக்கம் எங்கள் சபையில் சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் சாப்பாடு பல வருஷமாக என் கையால்தான் போகிறது. அந்த அனுபவத்தில், கெடுத்துக் கற்றதையும் சேர்த்து, எனக்குத் தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

அக்கா, எங்கள் சண்டே ஸ்கூல் பார்ட்டிக்கு 40 பிள்ளைகள். போன வருஷம் சிவப்பும் பச்சையுமாக கேக் வாங்கினோம், வீட்டுக்குப் போன பிறகும் நாக்கில் கலர் போகவில்லை. இந்தத் தடவை கலர் பொடி கூடவே கூடாது என்று பெற்றோர் சொல்லிவிட்டார்கள். என்ன செய்யலாம்?

மினி இட்லி செய்யுங்கள் தம்பி. கிறிஸ்துமஸுக்கு இட்லியா என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள்தான் முதலில் தட்டைக் காலி செய்வார்கள். ஆளுக்கு எட்டு என்றால் 320 இட்லி, மூன்று லிட்டர் மாவாவது வேண்டும். மாவை வழக்கத்தைவிடக் கெட்டியாக அரைத்துப் புளிக்க வைத்து மூன்றாகப் பிரியுங்கள். ஒன்று அப்படியே வெள்ளை. இன்னொன்றில் வேகவைக்காத பீட்ரூட்டை அரைத்துப் பிழிந்த சாறு. மூன்றாவதில் வேகவைத்து மைய அரைத்த கேரட். சாறு அதிகமானால் இட்லி தட்டையாகிவிடும், அதனால் ஊற்றும்போது கையை அடக்குங்கள். மாவின் புளிப்பு பீட்ரூட் நிறத்தை ஓரளவு காப்பாற்றும், ஆனால் ஆறேழு நிமிஷத்துக்கு மேல் அடுப்பில் விட்டால் அதுவும் வெளுக்கும். கேரட் எவ்வளவு வெந்தாலும் நிறம் மாறாது, நம்பிக்கையான ஆள்.

பச்சைக்குப் பாலக்கீரையை மாவில் கலக்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் இரண்டு வருஷம் செய்தேன். புளித்த மாவும் ஆவியும் சேர்ந்தால் அந்தப் பச்சை பாசி படிந்த மாதிரி ஆகிவிடுகிறது. பேசாமல் பச்சையைச் சட்னியில் கொண்டுவாருங்கள். கொத்தமல்லி, புதினா, தேங்காய், ஒரு பச்சை மிளகாய் அரைத்து வைத்துக்கொண்டு, எலுமிச்சையைப் பரிமாறுவதற்குச் சற்று முன்னால் பிழியுங்கள். முன்கூட்டியே பிழிந்து வைத்தால் சட்னியும் மங்கிவிடும்.

பீட்ரூட் கேக் போட்டேன். மாவாக இருக்கும்போது என்ன சிவப்பு! ஓவனிலிருந்து எடுத்தால் மண் கலர். என் மீது தப்பா, பீட்ரூட் மீதா?

சோடா மாவு மீது. ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டால் சிவந்துவிடுகிறது இல்லையா, அதே கதைதான் இங்கே வேறு மாதிரி நடக்கிறது. சோடா மாவின் காரத்தன்மை பட்டால் பீட்ரூட் சிவப்பு பழுப்புக்குப் போகும், சூடு மிச்சத்தையும் பார்த்துக்கொள்ளும். சோடா மாவை விட்டுவிட்டு பேக்கிங் பவுடரும் கெட்டித் தயிரும் சேர்த்துச் செய்தால் கொஞ்சம் தேறும், அப்போதும் கடை கேக் சிவப்பு வராது. எனக்குச் சரியாக வந்த வழி வேறு. கேக்கைச் சாதாரணமாகச் சுட்டு ஆறவைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிரில் ஒரு ஸ்பூன் பீட்ரூட் சாறும் கொஞ்சம் சீனியும் அடித்து மேலே பூசிவிட்டேன். அடுப்பே காட்டாத நிறம், அதனால் பளிச்சென்று நின்றது. ஃபிரிட்ஜில் வைத்துப் பரிமாறுகிற நேரத்துக்கு வெளியே எடுங்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை. சீனிக்குப் பதிலாகக் கருப்பட்டியும் பேரீச்சையும் போட்டு கேக் செய்தால் தாராளமாகச் சாப்பிடலாமா?

தாராளமாக என்ற சொல்லை எடுத்துவிடுங்கள் அம்மா. உடன்குடிக் கருப்பட்டியே ஆனாலும் அது சர்க்கரைதான், பேரீச்சையும் உலர் திராட்சையும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். 'சீனி சேர்க்காதது' என்று எழுதி வைத்த கேக்கை நம்பி இரண்டு துண்டு கூடுதலாகச் சாப்பிடுகிறவர்களை ஒவ்வொரு டிசம்பரிலும் பார்க்கிறேன். எந்த கேக்காக இருந்தாலும் சாப்பாட்டுக்குப் பிறகு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு, அவ்வளவுதான். அந்த அளவும் அவருக்கு ஆகுமா என்று அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தட்டு வெறுமையாகத் தெரியாமல் இருக்க கொய்யாத் துண்டு, சுண்டல், வெள்ளரிக்காய் வையுங்கள்.

ராத்திரி பதினொரு மணிக்கு மேல் கேரல் ரவுண்ட்ஸ் வருகிறார்கள், முப்பது பேர். எப்போதும் கேக், மிக்சர், டீ. மாற்றிப் பார்க்கலாமா?

கட்டாயம். உங்கள் வீட்டுக்கு வரும்போது அவர்கள் பத்து வீட்டு கேக்கை விழுங்கிவிட்டு வந்திருப்பார்கள், உங்கள் கேக்கைப் பார்த்தால் வருத்தம்தான் வரும்! சூடாகவும் உப்பாகவும் ஏதாவது கொடுங்கள். நான் கொடுப்பது மூவர்ணச் சுண்டல்: சிவப்பு ராஜ்மா, வெள்ளைக் கொண்டைக்கடலை, பச்சைப் பட்டாணி. முப்பது பேருக்கு முதல் இரண்டும் அரை அரைக் கிலோ, உரித்த பட்டாணி அரைக் கிலோ போதும். ராஜ்மாவைத் தனிக் குக்கரில் போடுங்கள், சேர்த்துப் போட்டால் கடலையெல்லாம் அழுக்குச் சிவப்பாகும். எட்டு மணி நேரம் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு நன்றாகக் குழைய வேக வேண்டும், அரைவேக்காட்டு ராஜ்மா வயிற்றைப் புரட்டிவிடும். பட்டாணியைத் திறந்த சட்டியில் ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டால் போதும், மூடினால் பச்சை போய்விடும். கடைசியில் தேங்காய்த்துருவல், மாங்காய் கிடைத்தால் இரண்டு கீற்று. போன வருஷம் ஒருவர் "என்ன, நவராத்திரியா?" என்று சிரித்தார். பக்கத்து வீட்டுக் கொலுச் சுண்டல் தின்று வளர்ந்த நாக்குதானே எல்லோருக்கும், அவரே இரண்டாவது கப்பும் கேட்டார். டீக்குப் பதில் சுக்கு காபி வையுங்கள், பாடிப் பாடிக் காய்ந்த தொண்டைக்கு இதமாக இருக்கும்.

பழத்தட்டு வைத்தால் அரை மணியில் கறுத்துவிடுகிறதே?

ஆப்பிளும் வாழைப்பழமும் வெட்டினால் கறுக்கத்தான் செய்யும். எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் முக்கி எடுத்தால் கொஞ்ச நேரம் தாங்கும், ஆனால் எதற்கு அந்த அவஸ்தை? டிசம்பரில் கொய்யா, பப்பாளி, ஆரஞ்சு, மாதுளை எல்லாம் கிடைக்கிறது. நாகர்கோவில் பக்கமென்றால் மட்டிப் பழத்தை உரிக்காமல் சீப்போடு வையுங்கள், அதுவே அலங்காரம். பச்சைத் தோல் கொய்யாவை மெல்லிசாக அரிந்து முக்கோணமாக அடுக்கினால் மரம், மாதுளை முத்துகள் விளக்கு. உச்சியில் நட்சத்திரப் பழத்தில் ஒரு வில்லை வைக்க ஆசை வரும், வையுங்கள், ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதைத் தொடக்கூடாது, அவர்களுக்கு அது நஞ்சு. வந்தவர்களில் யாருக்கு என்ன இருக்கிறதென்று தெரியாவிட்டால் பப்பாளியை நட்சத்திரமாக வெட்டிவிடுவது உத்தமம். வெட்டிய பழத்தை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

இரண்டு வயசுக் குழந்தைகளும் வருவார்கள்.

திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டி, கொட்டையை எடுத்துவிட்டுக் கொடுங்கள். முழு முந்திரி, வேர்க்கடலை, பாப்கார்ன் வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஒரு வயசு ஆகாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுக்கூடக் கூடாது, கேக்கில் கலந்திருந்தாலும்.

பஞ்சுமிட்டாய் மெஷின் வாடகைக்கு எடுக்கலாமென்று இளைஞர் குழு சொல்கிறது.

ரோஸ் கலரில் வேண்டாம். ரோடமின்-பி என்கிற துணிச்சாயம் கலந்திருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதைத் தடை செய்தது. வெறும் சீனியில் வெள்ளையாகச் சுற்றித் தரச் சொல்லலாம், ஆனால் அது ஆரோக்கிய உணவு என்று என்னிடம் கையெழுத்து கேட்காதீர்கள்.

ரம் இல்லாமல் பழம் ஊறப்போடுவது எப்படி? டூட்டி ஃப்ரூட்டி போடலாமா?

ஆரஞ்சுச் சாறில் ஒரு நாள், ஃபிரிட்ஜில். டூட்டி ஃப்ரூட்டி என்பது பெரும்பாலும் பாகில் ஊறிய பப்பாளிக்காயும் சாயமும், அதற்கு உலர் அத்திப்பழம் எவ்வளவோ மேல்.

குளிர்பானம் வாங்காமல் பிள்ளைகளை மயக்க ஏதாவது?

சங்குப்பூ! பூச்சிமருந்து அடிக்காத செடியில் பறித்து, அடிக்காம்பை நீக்கி, ஒரு கப் வெந்நீருக்குப் பத்துப் பூ போட்டு மூடிவைத்தால் கருநீலச் சாறு இறங்கும். ஆறவைத்து, தண்ணீரும் கொஞ்சம் சீனியும் சேர்த்துத் தம்ளரில் ஊற்றிக் கொடுங்கள். எலுமிச்சைச் சாற்றைப் பிள்ளைகளே விடட்டும், கண்ணெதிரே நீலம் ஊதாவாகும். எங்கள் சபையில் இதற்கு வரிசை நின்றது, பக்கத்து மேசையில் இருந்த பாட்டில் பானத்தை யாரும் சீண்டவில்லை.

அப்படியானால் அச்சு முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து எல்லாம் கிடையாதா? மாமியார் என்னை வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்.

ஐயோ, யார் அப்படிச் சொன்னது! முந்திரிக்கொத்து இல்லாத கிறிஸ்துமஸ் எனக்கும் வேண்டாம், அதிலாவது உள்ளே வறுத்த சிறுபயறு இருக்கிறது. எதை முதலில் மேசைக்குக் கொண்டுவருகிறீர்கள் என்பதை மட்டும் மாற்றுங்கள். பசியோடு வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவதைத்தான் தின்பார்கள், அதனால் இட்லி, பழம், சுண்டல் அரை மணி முன்னால் வரட்டும். எண்ணெய்ப் பலகாரம் பிறகு சின்னத் தட்டில், மாமியார் கையாலேயே. அவர் பரிமாறினால் அவருக்கும் மனசு நிறையும், ஆளுக்கு ஒன்றுக்கு மேல் கேட்கவும் யாருக்கும் தைரியம் வராது.