மர்ம விலங்கும் பாலிதீன் கவரும்

அன்புள்ள அண்ணா,

வெள்ளகோவில் பக்கம் எங்கள் பட்டியில் மூன்று ராத்திரிக்குள் ஏழு செம்மறிகள் செத்துவிட்டன. கழுத்தில் ஓட்டைகள், கீழே சொட்டு ரத்தம் இல்லை. ரத்தம் குடிக்கும் மர்ம விலங்கு என்று ஊரில் பேச்சு. அம்மாவைப் பெற்ற அமுச்சி, இது ராத்திரியில் முனியப்பன் ஓடும் முனி ஓட்டம் என்கிறார். பேயைக் காட்டும் மின்காந்த மீட்டர் வாங்கலாம் என்கிறார் மச்சான். படலில் சிக்கியிருந்த முடியைப் பாலிதீன் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். தோட்டத்து வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரியில் காலடித் தடமும் இருக்கிறது. எங்கே அனுப்பினால் என்ன மிருகம் என்று சொல்வார்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த முடியைக் கவரிலிருந்து எடுத்துக் காகித உறையில் போடுங்கள். பாலிதீனில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துவிடும். கையால் தொடாமல் இடுக்கியால் எடுங்கள். உறைமேல் தேதி, நேரம், எந்தப் படலில் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று எழுதுங்கள். எங்கே எடுத்தது என்று தெரியாத முடி வெறும் முடிதான்.

அப்புறம் அந்த ரத்தம். இதயம் நின்றுவிட்டால் ரத்தம் பீய்ச்சாது, உடம்பின் அடிப்பக்கம் இறங்கித் தங்கிவிடும். கோரைப்பல் போட்ட சின்ன ஓட்டையிலிருந்து வெளியே வருவதும் கொஞ்சம்தான், அதையும் ரோமம் உறிஞ்சிக்கொள்ளும். யாரும் குடிக்கவில்லை. கால்நடை மருத்துவரை வரவழைத்துத் தோலை உரித்துப் பார்க்கச் சொல்லுங்கள், நிஜமான சாட்சியம் அங்கேதான் இருக்கிறது. கடிபட்ட இடத்தில் தோலுக்கடியில் ரத்தம் கட்டியிருந்தால் உயிரோடு இருக்கும்போது விழுந்த கடி. கட்டாமல் இருந்தால் செத்த பிறகு வேறு எதுவோ வந்து வாய் வைத்திருக்கிறது. பின்னந்தொடை, விலா, காது என்று கண்ட இடத்திலும் கடி இருந்து, ஏழு செத்தும் தின்றது கொஞ்சம் என்றால் எனக்கு நாய்கள்மேல்தான் சந்தேகம். சிறுத்தை பெரும்பாலும் தொண்டையைக் கவ்வி மூச்சை அடைத்து, ஒன்றை இழுத்துக்கொண்டு போகும். ஆனால் அடைத்த பட்டிக்குள் மாட்டிக்கொண்டால் அதுவும் நாலைந்தைக் கொன்றுபோடும். எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

தடத்துக்கு வருகிறேன். இதில் நானே அவமானப்பட்டவன். இருபது வருடத்துக்கு முன்னால் மூலனூர்ப் பக்கம் எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) தோட்டத்தில், குட்டைச் சேற்றில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தடத்தைப் பார்த்தேன். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை தோசைமாவுப் பதத்தில் கரைத்து ஊற்றி, காய்ந்ததும் எடுத்து, ஊரெல்லாம் சிறுத்தை என்று காட்டினேன். அப்புச்சி ஒன்றும் பேசவில்லை. வாசலில் படுத்திருந்த நாயை அதே சேற்றில் நடக்கவிட்டார். முன்னங்கால் பதிந்த இடத்தின்மேலேயே பின்னங்கால் விழுந்து, இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய தடமாகத் தெரிந்தது. விரல் நுனியில் நகம் வேறு குத்தியிருந்தது. என் அச்சிலும் அந்த நகங்கள் இருந்திருக்கின்றன. மண் துணுக்கு என்று நானே கத்தியால் சுரண்டிவிட்டிருந்தேன்!

பூனை இனம் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், நாய் இழுக்காது. வழுக்கும் சேற்றில் சிறுத்தையும் நகம் ஊன்றும் என்பதால் பின்பக்க மெத்தையையும் பாருங்கள், பூனை இனத்துக்கு அதன் அடி விளிம்பு மூன்று மடிப்பாக இருக்கும். ஒரு தடம் போதாது, நடந்த வரிசை முழுவதும் வேண்டும். பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம் வைத்து (குறுக்களவு 27 மில்லிமீட்டர்) நேர் மேலிருந்து படம் எடுங்கள். வார்ப்பது அதற்குப் பிறகுதான்.

எங்கே அனுப்புவது என்று கேட்டீர்கள். ஐதராபாத்தில் சிசிஎம்பி என்ற உயிரியல் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த, அழியும் நிலையிலுள்ள விலங்குகளுக்கான லேக்கோன்ஸ் ஆய்வகத்தில் டிஎன்ஏ வைத்து விலங்கைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் நீங்களாகக் கூரியரில் போடாமல் வனத்துறை வழியாகப் போங்கள். கடிவாயில் ஒட்டிய எச்சில்கூட உதவும், உடலைக் கழுவிவிடாதீர்கள். நகமோ பல்லோ கிடைத்தால் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். சிறுத்தையுடையதாக இருந்தால் 1972ஆம் வருடத்து வன உயிரினச் சட்டப்படி குற்றம்.

டிஎன்ஏ என்ன சொல்லும் என்பதற்கு ஒரு கதை. இமயமலைப் பனிமனிதன் எட்டியுடையவை என்று பத்திரப்படுத்தியிருந்த எலும்பு, பல், தோல், முடி, கழிவு என ஒன்பது மாதிரிகளை அமெரிக்காவில் சார்லட் லிண்ட்க்விஸ்ட் குழு சோதித்து 2017இல் வெளியிட்டது. எட்டு கரடி. மிச்சம் ஒன்று நாய்.

நாய் என்றால் ஊரில் யாருக்கும் பிடிக்காது, எனக்குப் புரிகிறது. வனவிலங்கு என்றால் வனத்துறையிடம் இழப்பீடு கேட்கலாம். தெருநாய் கடித்த ஆட்டுக்கு நிவாரணம் கேட்டு காங்கேயம், வெள்ளகோவில் விவசாயிகள் ரோட்டில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. அதனால்தான் சொல்கிறேன், பிரேதப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த மிருகமானாலும் அந்தக் காகிதம் தேவைப்படும்.

மீட்டர் வேண்டாம். பம்ப்செட் ஸ்டார்ட்டர் பக்கத்தில் கொண்டுபோனாலே அது துள்ளும். அமுச்சி முனியப்பனுக்குப் பொங்கல் வைக்கட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

சரி, கடைசியாக ஒன்று. தடத்தை வார்க்கும்போது உங்கள் பட்டி நாயின் தடத்தையும், அக்கம்பக்கத்துத் தோட்டத்து நாய்களின் தடங்களையும் வார்த்து, நாலு முடியும் எடுத்துத் தனித்தனி உறையில் வையுங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் கோபித்துக்கொண்டால், முதலில் உங்கள் நாயை அவர் கண் முன்னாலேயே சேற்றில் நடக்க விடுங்கள்.