மூலிகை மாத்திரை முதல் மூங்கில் கோப்பை வரை: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அம்மாவுக்கு இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியிருக்கிறார்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். மனச்சோர்வுக்கு நல்லது என்று யாரோ சொல்ல, இணையத்தில் ஒரு மூலிகை மாத்திரையை வரவழைத்து இரண்டு மாதமாகச் சாப்பிட்டு வருகிறார். ‘முற்றிலும் இயற்கை, பக்கவிளைவு அற்றது’ என்று டப்பாவில் இருக்கிறது. உள்ளே இருப்பது செயின்ட் ஜான்ஸ் வோர்ட். தொடரலாமா?

பதில்: இன்றே அவருடைய இதய மருத்துவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். மருத்துவர் சொல்லும்வரை எதையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

இந்த மூலிகை வெறும் தண்ணீர் அல்ல. லேசான மனச்சோர்வுக்கு வேலை செய்யக்கூடியதுதான். அதனால்தான் கவலை. மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளை இது முடுக்கிவிடும். அப்போது வார்ஃபரின் சீக்கிரமே சிதைந்து, உடம்பில் போதிய அளவு நிற்காது. செயற்கை வால்வு உள்ளவருக்கு இரத்தக் கட்டி உருவாக அதுவே போதும். சரி, உடனே மூலிகையை நிறுத்திவிடலாமா என்றால், அதிலும் சிக்கல் இருக்கிறது. நிறுத்தியபின் ஓரிரு வாரங்களில் நொதிகள் பழைய நிலைக்குத் திரும்பும். அதே அளவு வார்ஃபரின் அப்போது அதிகமாகி இரத்தக்கசிவு வரலாம். எனவே இரத்தப் பரிசோதனை செய்து பார்த்து, மருத்துவர் அளவை மாற்றிக்கொண்டே நிறுத்த வேண்டும். கருத்தடை மாத்திரை, உறுப்பு மாற்று அறுவைக்குப் பின் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் ஆகியவற்றின் பலனையும் இந்த மூலிகை குறைக்கும். மனச்சோர்வுக்கான மற்ற மாத்திரைகளோடு சேர்ந்தால் வேறு ஆபத்து.

‘பக்கவிளைவு இல்லை’ என்று எழுதியிருப்பதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. உடம்பில் ஒரு மாற்றத்தை உண்டாக்கும் எதற்கும் வேண்டாத விளைவும் இருக்கத்தான் செய்யும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைக்கக் கொடுத்த மூலிகை மாத்திரைகளில் அரிஸ்டோலோக்கியா என்ற தாவரம் கலந்திருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. சிலருக்குப் பிற்பாடு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அதுவும் செடிதான், முழுக்க இயற்கைதான்.

அடுத்த முறை எந்த மூலிகை மாத்திரை வாங்கினாலும் தாவரத்தின் முழுப்பெயர், எந்தப் பாகம், ஒரு மாத்திரையில் எத்தனை மில்லிகிராம், தயாரித்தவர் முகவரி, தொகுதி எண், காலாவதித் தேதி எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். ‘எங்கள் சிறப்புக் கலவை’ என்று சொல்லி அளவுகளை மறைத்திருந்தால் வாங்காதீர்கள். சில நாளிலேயே எடை மளமளவென்று குறைகிறது, மூட்டுவலி பறந்தே போகிறது என்றால் சந்தேகப்படுங்கள். 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கிக்கொள்ளப்பட்ட சிபுட்ரமின் என்ற மருந்தையும், ஸ்டீராய்டுகளையும் சொல்லாமல் கலந்த ‘மூலிகை’ மாத்திரைகள் பலமுறை பிடிபட்டிருக்கின்றன.

கேள்வி: கடையில் ‘மக்கும் பை’ என்று கூடுதல் விலைக்குத் தருகிறார்கள். வாங்கினால் நல்லதுதானே?

பதில்: எங்கே, எத்தனை நாளில் மக்கும் என்று பையில் போட்டிருக்கிறதா? போடவில்லையென்றால் அந்தக் கூடுதல் காசு வீண்.

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பலவகைப் பைகளை மண்ணில் புதைத்தும் கடல்நீரில் போட்டும் பார்த்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். ‘மக்கும்’ என்று விற்ற ஒரு பை மூன்று ஆண்டுக்குப் பிறகும் சாமான் தூக்கும் அளவுக்கு உறுதியாக இருந்தது! உரமாகும் வகைப் பை கடலில் மூன்று மாதத்தில் காணாமல் போனது. மண்ணிலோ 27 மாதம் கழித்தும் இருந்தது. எடை தாங்கும் பலம் மட்டும் போயிருந்தது.

ஐரோப்பிய தரநிலையான இஎன் 13432 முத்திரை உள்ள பை உண்மையிலேயே உரமாகும். ஆனால் அது தொழிற்சாலை உரக்கிடங்குக்கான தரநிலை. அங்கே வெப்பம் 58 டிகிரி செல்சியஸ் அளவில் வாரக்கணக்கில் இருக்கும். வீட்டு உரத்தொட்டி அந்தச் சூட்டை நெடுநாள் தாங்கிப் பிடிப்பது அரிது. உங்கள் ஊரில் இந்தப் பைகளைத் தனியாகச் சேகரிக்கிறார்களா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் அது சாதாரணக் குப்பைதான். பிளாஸ்டிக் மறுசுழற்சியில் போட்டால் அதையும் கெடுக்கும். ‘ஆக்ஸோ’ என்ற சொல் இருந்தால் தொடவே வேண்டாம். அது நுண் துகளாக நொறுங்கி மண்ணில் கிடக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் அதைத் தடை செய்துவிட்டது.

துணிப்பைக்கு மாறலாம், ஆனால் புதிது புதிதாகச் சேர்க்காதீர்கள். டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை 2018இல் போட்ட கணக்கின்படி, பருவநிலைப் பாதிப்பை மட்டும் பார்த்தாலே ஒரு பருத்திப் பையைக் குறைந்தது 52 முறையாவது பயன்படுத்தினால்தான் ஒரு பிளாஸ்டிக் பையோடு ஈடாகும். வீட்டில் ஏற்கெனவே எந்தப் பை கிடக்கிறதோ, அதைக் கிழியும்வரை பயன்படுத்துங்கள்.

கேள்வி: மகனுக்கு ஆஸ்துமா. காற்றைச் சுத்தம் செய்யும் செடிகள் என்று ஒரு தொகுப்பாக விற்கிறார்கள். கருவி வாங்குவதா, செடி வாங்குவதா?

பதில்: செடி கண்ணுக்குக் குளிர்ச்சி, வாங்குங்கள். ஆஸ்துமாவுக்கு என்று மட்டும் வாங்காதீர்கள். 1989இல் நாசா செய்த சோதனையைக் காட்டித்தான் இவற்றை விற்கிறார்கள். அது காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் நடந்தது. வீட்டில் கதவு, ஜன்னல், இடுக்கு வழியே காற்று வந்துபோய்க்கொண்டே இருக்கும். பல ஆய்வுகளைத் திரட்டி 2019இல் கணக்கிட்டபோது, அந்தச் சாதாரணக் காற்றோட்டத்துக்கு இணையாக ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வரை வேண்டும் என்று வந்தது. தவிர, ஈர மண்ணில் பூஞ்சை வளர்ந்தால் பையனுக்கு இன்னும் தொல்லை.

கருவி வாங்குவதென்றால் மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா (HEPA) வடிகட்டி இருக்க வேண்டும். ‘ஹெப்பா போன்றது’ என்றால் அது வேறு. அறையின் பரப்புக்கு ஏற்ற சிஏடிஆர் (CADR) அளவு, அதாவது கருவி எவ்வளவு வேகமாகச் சுத்தமான காற்றைத் தரும் என்ற எண், வேண்டும். மாற்று வடிகட்டியின் விலையை முதலிலேயே கேட்டுவிடுங்கள். பிற்பாடு செலவு அதில்தான். ஓசோன் உண்டாக்கும் கருவியை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள், ஓசோன் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். மற்றபடி, வீட்டுக்குள் புகைபிடிப்பதையும் ஊதுபத்தி கொளுத்துவதையும் நிறுத்துவதற்குக் காசே வேண்டாம்.

கேள்வி: பிளாஸ்டிக் வேண்டாம் என்று குழந்தைக்கு மூங்கில் கோப்பை வாங்கினேன். அதில் ‘மெலமைன்’ என்றும் சின்ன எழுத்தில் இருக்கிறது. என்ன அர்த்தம்?

பதில்: நீங்கள் வாங்கியது பிளாஸ்டிக்தான். மூங்கில் தூளை மெலமைன்–ஃபார்மால்டிஹைடு பிசினில் குழைத்து அச்சில் வார்த்தது. சூடான பால், புளிப்பான பானம் ஊற்றினால் அந்த இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். மூங்கில் தூள் சேர்ப்பதால் பிசின் இன்னும் சீக்கிரம் சிதைவதாகத் தெரிந்து, ஐரோப்பிய ஒன்றியத்தில் இதை உணவுப் பாத்திரமாக விற்க அனுமதி இல்லை. இது மக்கவும் மக்காது. கடையில் திருப்பிக் கொடுங்கள். ‘மூங்கில்’ என்று பெரிதாகவும் மற்றதைச் சிறிதாகவும் போட்டு விற்றதைச் சொல்லி, பணத்தைக் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. பில் தொலைந்திருந்தால் வங்கிச் செய்தியைக் காட்டுங்கள். குழந்தைக்கு எவர்சில்வர் டம்ளர் போதும்.

கேள்வி: வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்து வைத்துக்கொண்டால் எல்லாவற்றையும் துடைக்கலாம் என்கிறார்களே?

பதில்: கலந்தால் நுரைத்துப் பொங்கும், அவ்வளவுதான். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டி, மிஞ்சுவது கொஞ்சம் உப்பு கரைந்த தண்ணீர். தனித்தனியாக வைத்திருங்கள்: குழாயில் படியும் வெள்ளை உப்புக்கறைக்கு வினிகர், தேய்க்கச் சோடா. மார்பிள் தரையில் வினிகர் படக்கூடாது, அரித்துவிடும். கலந்ததை மூடிய பாட்டிலில் வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கும். முக்கியமாக, வினிகரைப் ப்ளீச்சோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். வருவது குளோரின் வாயு. தவறிச் சேர்ந்துவிட்டால் துடைத்துக்கொண்டு நிற்காமல், எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.