அப்பா நினைவாக ஆண்டுக்கு 2 லட்சம்: சர்க்கரை நோய் ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். சர்க்கரை நோயில் சிறுநீரகம் போய் இறந்த அப்பாவின் நினைவாக ஆண்டுக்கு 2 லட்சம் ஒதுக்கியிருக்கிறீர்கள், ஆராய்ச்சிக்குக் கொடுத்தால் அது கடலில் கரைத்த பெருங்காயம் ஆகிவிடுமோ என்ற சந்தேகம்.

பெரிய பேராசிரியரின் திட்டத்தில் போட்டால் கரைந்துதான் போகும். இப்போதுதான் முனைவர் பட்டம் முடித்த ஒருவருக்குக் கொடுத்தால் கரையாது. நான் பாறசாலைக்காரன், திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். யாருக்கு எங்கே பணம் முட்டுகிறது என்பது பில்களைப் பார்த்தே தெரிந்துவிடும்.

இளம் ஆய்வாளர்களுக்குப் பெரிய நிதி இல்லாமல் இல்லை. மனைவி ரத்தப் புற்றுநோயில் இறந்த பிறகு சர் தோராப்ஜி டாடா 1932-ல் தொடங்கிய லேடி டாடா நினைவு அறக்கட்டளை இன்றும் இருக்கிறது. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து 2008-ல் ஆரம்பித்த இந்தியா அலையன்ஸ் 5 ஆண்டு ஃபெலோஷிப் தருகிறது. ஆனால் கையில் கொஞ்சமாவது முதற்கட்டத் தரவு இருந்தால்தான் விண்ணப்பம் எடுபடும். அதைச் சேர்க்கத்தான் காசு கிடைக்காது.

எங்களிடம் இளம் ஆய்வாளரான ஒரு பெண், ரப்பர் தொழிலாளர்களின் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும். பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். அந்த நேரத்துக்குப் பஸ் ஏது, ஆட்டோதான். ஆட்டோக்காரர் துண்டுத்தாளில் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார், தணிக்கையில் அது செல்லாது. (திருப்பி அனுப்புவது என் வேலை, திட்டும் எனக்குத்தான்.) ரத்தக் குழாய், ஐஸ் பெட்டி, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைக்கு லேப் கட்டணம், தமிழிலும் மலையாளத்திலும் அச்சடித்த ஒப்புதல் படிவம் எல்லாமே அவருடைய உதவித்தொகையிலிருந்துதான் போயின. அதுவும் மாதாமாதம் ஒழுங்காக வந்த பாடில்லை.

ஆகவே கருவி, கட்டடம் என்று போகாமல் ‘களப்பணி, பரிசோதனை, பயணம்’ என்று எழுதிக் கொடுங்கள். பில் இல்லாத சில்லறைச் செலவுக்கும் ஒரு வாக்கியம் சேர்த்துவிடுங்கள். நெறிமுறைக் குழு அனுமதி ஆகிவிட்டதா, நிர்வாகச் செலவுக்கு நிறுவனம் எவ்வளவு பிடிக்கும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். காசோலை நிறுவனத்தின் பெயரில்தான், ஆளின் பெயரில் வேண்டாம். வரிக்கழிவை நம்பியிருந்தால், புதிய வரி முறையில் அது கிடையாது.

அப்புறம், பலன். நெய்யாற்றின்கரை தாலுகாவில் ஆஸ்திரேலிய அரசு நிதியில் நடந்த ஆய்வு, சர்க்கரை நோய் வரும் அபாயமுள்ள 1007 பேரை 2 ஆண்டு கவனித்தது. ஊர்க்காரர்களே குழுவாகச் சேர்ந்து பழக்கவழக்கங்களை மாற்ற முயன்ற பிரிவில் 14.9 சதவீதம் பேருக்கு நோய் வந்தது, மற்றதில் 17.1 சதவீதம். புள்ளியியல்படி அந்த வித்தியாசம் உறுதியில்லை. 2018-ல் அதை மறைக்காமல் வெளியிட்டார்கள். அத்தனை பெரிய ஆய்வுக்கே அப்படியென்றால், 2 லட்சத்தில் மருந்து கண்டுபிடிப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. கண்ணுக்குத் தெரிகிற பலன்தான் வேண்டுமென்றால் உங்கள் சித்தூர் தாலுகாவிலேயே ஏழைகளுக்கு இன்சுலின் வாங்கிக் கொடுங்கள், அதுவும் நல்ல காரியம்தான்.

அப்பா பெயரைத் தாராளமாக வைக்கலாம். யாருக்குக் கொடுப்பது என்பதை மட்டும் தேர்வுக் குழுவிடம் விட்டுவிடுங்கள். ‘சித்தப்பா மகன் பயோடெக் படித்திருக்கிறான்’ என்று ஆரம்பித்தால் எங்கள் ஆபீசில் அந்தக் கோப்பு நகரவே நகராது.